‘பிறகு’ என்றொரு ஃபோல்டர்

மலை சரியக்கூடும், தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே கீழே இறங்குங்கள் என்று கிராம சேவகர் குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்று சொன்னார். பல நாட்களாக மழை விடவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏற்கனவே ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மனைவி அலுமாரியைத் திறந்து வீட்டு உறுதிப் பத்திரத்தையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டாள். நான் முன்னறைக்குப் போய்க் கம்பியூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். திரையை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கட்டில் விரிப்பில் சுற்றி, அதன்மேல் என் மழைக்கோட்டைப் போர்த்தித் தூக்கிக்கொண்டேன். நான் நனைந்துகொண்டே இறங்கினேன்.

வழியில் பக்கத்து வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்தபடி, “டீவியா?” என்று கேட்டார்.

“இல்ல. கம்பியூட்டர்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

கடுகண்ணாவையில் ரோட்டோரமாக இருக்கும் பாடசாலை மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். எல்லோரும் பாயும் சட்டியும் பிள்ளைகளுமாக வந்திருந்தார்கள். நான் அந்தப் பெட்டியை ஒரு மேசைக்கடியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி ஒரு தடவை விரிப்பை விலக்கிப் பெட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“உள்ளுக்கு தண்ணி போயிருக்குமா?”

“தெரியல்ல,” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் அந்த ஓரத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் மூடினாள்.

அது எங்கள் மகளின் கம்பியூட்டர். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. படித்து முடித்ததும் வேலைக்குப் போகாமல் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்து, வீட்டிலேயே வெட்டி ஒட்டிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் சண்டை பிடித்தேன். நான் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞன். எனக்குத் தெரிந்த வேலை அந்த மாதிரியானது. ஆனால் அவள் கெட்டிக்காரி. கம்பளையிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் வாசலில் வைத்தே நாள் குறித்துக்கொண்டு போவார்கள். முன்னறையின் மூலையில் அந்தக் கம்பியூட்டருக்கு முன்னால் ஒரு காலைக் கதிரையின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு, யாருடையதோ கல்யாணத்தைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருடத்துக்குமேல் அலைந்தோம். இருபத்துமூன்று வயதில் போய்விட்டாள்.

மண்சரிவு எங்கள் வீட்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி ஒரு வாழைத் தோட்டத்தை மட்டும் கொண்டுபோனது. மழை குறைந்ததும் திரும்பி வந்தோம். பெட்டியை அடுப்படிச் சூட்டில் காய வைத்துவிட்டு, பயந்து பயந்துதான் போட்டுப் பார்த்தேன். திரையில் அவள் வைத்திருந்த படம், எங்கள் வீட்டுக்குக் கீழே வளைந்து திரும்பும் ரயில், அப்படியே வந்தது. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. முன்பு அது இருந்ததில்லை.

மனைவியின் தம்பிக்குப் போன் செய்தேன். கெலிஓயாவில் இருக்கிறான். பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கம்பியூட்டர்களைப் பராமரிப்பதுதான் அவன் வேலை. மகளுக்கு இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததும் அவன்தான். சத்தத்தைப் போனிலேயே கேட்க வைத்தேன்.

“மச்சான், அத இப்ப நிப்பாட்டுங்க. நான் வர்றவரைக்கும் போட வேணாம்,” என்றான்.

அந்தச் சனிக்கிழமை வந்து டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்த எல்லாவற்றையும் புது டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினான். காலையில் தொடங்கியது சாயங்காலம் வரைக்கும் ஓடியது. மனைவி இரண்டு தடவை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாம் வந்துவிட்டது என்று அவன் சொன்ன பிறகுதான் நான் எழும்பிப் போய்ச் சாப்பிட்டேன்.

“இந்த டிஸ்க்கும் ஒரு நாளைக்கு இப்பிடித்தான் போகும் மச்சான்,” என்றான் அவன். “பேக்கப் ஒண்ணு ஒழுங்கா வைக்கணும். அதுக்கு சொஃப்ட்வெயார் இருக்கு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.”

அவன் விளக்கியது இதுதான். கம்பியூட்டரோடேயே வரும் ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு டிஸ்க்கைச் செருகினால் அதற்குள் பிரதி எடுத்துவிடும். ஆனால் மண் சரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டாவது வகை, எல்லாவற்றையும் இணையத்தில் ஓர் இடத்துக்கு அனுப்பும். இங்கே என்ன இருக்கிறதோ அது அங்கேயும் இருக்கும். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். மூன்றாவது வகை இன்னும் பிடிவாதமானது. ஒரு தடவை உள்ளே போனதை விடவே விடாது. இங்கே அழித்தாலும், மாற்றினாலும், பழையதையும் புதியதையும் சேர்த்தே வைத்திருக்கும்.

நான் யோசிக்கவே இல்லை. “விடவே விடாதது எதுவோ, அது,” என்றேன்.

“அதுக்கு நிறைய இடம் வேணும். இந்தக் கல்யாணங்களையெல்லாம் எடுத்துட்டா லேசா இருக்கும். குடுத்து முடிஞ்ச வேலதானே.”

“ஒண்ணையும் எடுக்க வேணாம்.”

அந்தக் கல்யாணங்களை நான் ஏன் விடமாட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. வெட்டி ஒட்டிக் கொடுத்த வீடியோக்களில் பாட்டு மட்டும்தான் கேட்கும். வெட்டாத பகுதிகளில்தான் அவள் குரல் இருக்கும். முகம் எங்கேயும் வராது, அவள் கமராவுக்குப் பின்னால் அல்லவா. “மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க. யாரும் உங்கள அடிக்கப் போறதில்ல” என்பாள். “அன்ரி, அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, லைட் மறையுது” என்பாள். யாரோ ஒரு பிள்ளை பூவைத் தின்னப் பார்க்கும்போது கமராவை விட்டுவிட்டு ஓடுவாள். படம் தரையைக் காட்டிக்கொண்டு ஆடும், அவளுடைய செருப்புச் சத்தம் கேட்கும். நான் காரியாலயத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு தெரியாத ஆட்களுடைய கல்யாணங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மனைவி அப்போது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்ப, நாம வேணாம்னு ஒண்ண அழிச்சா?”

“அழியாது அக்கா. திருப்பி எடுத்துக்கலாம்.”

“எப்பவுமே அழியாதா?”

“அதுதானே வேணும்,” என்று நான் குறுக்கே சொன்னேன். அவள் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இணையத்தில் ஒரு பிரதி, வீட்டில் அலுமாரிக்குள் இன்னொன்று, கெலிஓயாவில் மைத்துனன் வீட்டில் ஒன்று என்று ஏற்பாடு செய்தோம். மாதத்துக்கு ஒரு தடவை அவன் வந்து தன்னிடமுள்ள டிஸ்க்கையும் புதுப்பித்துக்கொண்டு போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. மழை பெய்தாலும் பின்மேட்டை எட்டிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சித்திரை விடுமுறையில் மனைவி வீட்டில் இருந்தாள். அவள் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஒரு நாள் நான் காரியாலயத்திலிருந்து வந்து கம்பியூட்டரைப் போட்டபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரித் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. கல்யாணங்களுக்குக் கீழே எப்போதும் இருக்கும் ஒரு ஃபோல்டர் இல்லை. அதன் பெயர் ‘பிறகு’.

ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் மகள் தன்னைத்தானே போனில் எடுத்துக்கொண்ட வீடியோத் துண்டுகள் அதில் இருந்தன. வார்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் போனிலிருந்து அதற்குள் மாற்றி வைப்பாள். “சுகமானதும் எல்லாத்தையும் வெட்டி ஒரு படம் செய்யப் போறேன்” என்று ஆரம்பத்தில் சொன்னாள். அதனால்தான் அந்தப் பெயர். நான் அதைத் திறந்ததே இல்லை. அவள் போன பிறகும் திறக்கவில்லை. ஒரு நாளைக்குத் திறப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அங்கே இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுபடியும் மறுபடியும் தேடினேன். பிறகு மைத்துனனுக்குப் போன் செய்தேன்.

“பதற வேணாம் மச்சான். அதுக்குத்தானே போட்டிருக்கோம். சொல்ற மாதிரி செய்யுங்க.”

அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினேன். போன வாரத் திகதியில் போய்ப் பார்த்தால் அந்த ஃபோல்டர் இருந்தது. திருப்பி எடு என்று கொடுத்ததும் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நீளத் தொடங்கியது. அது முடியும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. ‘பிறகு’ மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. திறந்தேன். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஆஸ்பத்திரியின் நீல விரிப்பு, ஜன்னல், தலையில் துணி கட்டிய அவள் முகம். ஒன்றில் அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் ஓடவிடாமல் மூடிவிட்டேன்.

மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏறக்குறைய ஓடிப்போய்ச் சொன்னேன்.

“புள்ளயோட ஃபோல்டர் ஒண்ணு அழிஞ்சிபோயிருந்துச்சி. ஆஸ்பத்திரியில எடுத்தது. நல்ல வேள, எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டேன். ஒண்ணுகூடக் குறையல்ல.”

அவள் கையில் நனைந்த தலையணை உறை ஒன்று இருந்தது. அதை மறுபடியும் வாளிக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“நீயா அழிச்ச?”

“ஓமுங்க.”

“ஏன்?”

“அவ கேட்டா.”

அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். கடைசித் தடவை வார்டில் சேர்த்த நாட்களில், ஒரு மத்தியானம், நான் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே கடைக்குப் போயிருந்தபோது, மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அம்மா, அந்த ஃபோல்டர அழிச்சிருங்க. அதில நான் நல்லா இல்ல. சுகமானா படம் செய்யலாம்னு எடுத்தேன். இனி அது ஒருத்தருக்கும் வேணாம். மனைவி சரி என்று சொல்லியிருக்கிறாள். சத்தியம் பண்ணச் சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டுதான் விட்டாளாம்.

“ஒண்ணர வருசமா ஒவ்வொரு நாளும் அழிப்போம் அழிப்போம்னு நெனப்பேன். கை வராது,” என்றாள் மனைவி. “இந்த லீவுல தான் செஞ்சேன். செஞ்சிட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல்ல. ஆனா சொன்ன வார்த்தைய காப்பாத்திட்டேன்னு ஒரு ஆறுதல் இருந்திச்சி.”

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க விடுவீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

“அவ என்கிட்ட ஏன் சொல்லல்ல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அதுதான் என்னை உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

மனைவி வாளிக்குள் பார்த்துக்கொண்டே பேசினாள். “உங்ககிட்ட எப்பிடிங்க சொல்லுவா? நீங்க வார்டுக்குள்ள வரும்போதே, இன்னைக்கு முகம் நல்லா இருக்கு, அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிறலாம்னு சொல்லிக்கிட்டே வருவீங்க. டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசின பிறகும் நீங்க அப்பிடித்தான் சொன்னீங்க. அப்பாவுக்கு முன்னால நான் சுகமாகிற புள்ளையாத்தான் இருக்கணும்மான்னு சொல்லுவா. நீங்க வந்ததும் துணியக் கட்டிக்கிட்டு எழும்பி உக்காருவா. நீங்க போனதும் படுத்துக்குவா.”

வீட்டுக்குள் போய் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் துணியைக் காயப்போட்டு முடிக்கும் சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டே இருந்தது.

பல நாட்கள் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். சோறு இருக்கிறது, கரண்ட் பில் வந்திருக்கிறது, இந்த மாதிரி. நான் அந்த ஃபோல்டரை அழிக்கவுமில்லை, திறக்கவுமில்லை. அவள் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை. ஆனால் அவள் முன்னறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள். கூட்டுவதற்குக்கூட வரவில்லை. நானே கூட்டினேன்.

கடைசியில் நான்தான் போய்ப் பேசினேன். அவள் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, “அதுக்குள்ள என்னா இருக்கு?” என்று கேட்டேன். “நான் பாக்கல்ல. சின்னப் படத்த மட்டுந்தான் பாத்தேன். நீ பாத்தியா?”

“எடுக்கும்போது நான் பக்கத்துல தானே இருந்தேன். போனப் புடிச்சதே சில நேரம் நான்தான்.”

“சொல்லேன்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். ஒன்றில் முடி கொட்டின அன்று தலையைத் தடவிக் காட்டி, இனி ஷாம்பு மிச்சம் என்பாளாம். ஒன்றில் பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுப்பது இருக்கிறதாம். ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே குரங்கு வந்து சுவரில் இருப்பது. இன்னொன்றில் என்னைப் போல் பேசிக் காட்டுவாளாம்.

“என்னய மாதிரியா?”

“நீங்க பெரிய டாக்டர்கிட்ட சிங்களத்தில பேசுற மாதிரி. கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் சேர் சேர்னு சொல்லிக்கிட்டு. நடுவில நீங்க இருமுறதக்கூட விடல்ல. அந்த சிங்கள அக்கா சிரிச்சி சிரிச்சி ஊசி போட்ட கை வலிக்குதுன்னு சொன்னா.”

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்தது. மனைவியும் அழுதாள். மகள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கு முன்னால் ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் மனைவி அடுப்படியிலும் நான் முன்னறையிலுமாகத்தான் அழுதிருக்கிறோம்.

“மத்ததெல்லாம்?” என்றேன்.

“மத்ததெல்லாம் வேணாங்க. வலிதான். ஒண்ணுல அவளுக்குப் பேச்சே வரல்ல. அதத்தான் அவ யாரும் பாக்கக்கூடாதுன்னு நெனச்சா.”

“என்னய மாதிரிப் பேசுற அந்த ஒண்ண மட்டும் வச்சிக்கலாமா?” என்று கேட்டேன்.

திருத்திய கட்டுரையையும் திருத்தாததையும் எடுத்து ஒன்றாக அடுக்கினாள். எனக்காகச் சம்மதிக்க அவள் எவ்வளவு முயற்சி செய்கிறாள் என்று தெரிந்தது.

“எல்லாத்தையும்னுதான் அவ சொன்னா,” என்றாள். “ஒண்ண விடுங்கன்னு சொல்லல்ல. நான் கேட்டேன். ஒண்ணையாவது வச்சிக்கிறேன் மகள்னு கெஞ்சிக் கேட்டேன். அவ வேணாம்னு தலைய ஆட்டிட்டா.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, வீட்டுக்கு வராமலே பேராதனைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கம்பளை பஸ்ஸில் கெலிஓயாவுக்குப் போனோம். மைத்துனனிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவனுடைய மனைவி சோறு போட்டுத் தந்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகு அவன் தன் மேசையில் அந்த டிஸ்க்கைச் செருகிவிட்டு எங்களுக்கு இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டான்.

அழிப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தது அழிக்காத சொஃப்ட்வெயார். ஒவ்வொரு தடவை எடுத்த பிரதிக்குள்ளும் அந்த ஃபோல்டர் இருந்தது. ஒன்றில் எடுத்தால் முந்திய பிரதியில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் இருந்ததையும் அங்கிருந்தே எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அது கேட்டது, நிச்சயமாகவா, இதைத் திரும்பப் பெற முடியாது என்று. ஒவ்வொரு தடவையும் மைத்துனன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். நடுவில் ஒரு தடவை அவன் எழும்பி வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். எங்கள் மகள் அவனுக்கு அக்கா பிள்ளை. கம்பியூட்டரை முதன்முதலாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

வேலை முடிந்ததும், “இனி இந்த மாதிரி ஒண்ணு வேணாம் தானே?” என்றான். “வேற போடுறேன். எப்பிடிப்பட்டது வேணும்?”

நான் மனைவியைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

“கை தவறி அழிஞ்சா கொஞ்ச நாள் வச்சிருந்து திருப்பித் தரணும்,” என்றாள் அவள். “ஆனா நெசமாவே வேணாம்னு அழிச்சா, பிறகு விட்றணும்.”

“இருக்கு அக்கா. ஒரு மாசம் வச்சிருக்கும். அதுக்குப் பிறகு தானா போயிரும்.”

அடுத்த வாரம் வந்து அதைப் போட்டுத் தந்தான். வீட்டுக் கம்பியூட்டரிலும் அலுமாரி டிஸ்க்கிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஓடவிட்டான். கல்யாணங்களும், அவளுடைய பாடசாலைப் படங்களும், சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படங்களும் எல்லாம் அதற்குள் போயின. கடைசியாக, கம்பியூட்டரில் மிஞ்சியிருந்த ‘பிறகு’வை அழிக்க வேண்டியிருந்தது. நான் அதை முன்கூட்டியே எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை. அதனால் அதுவும் புது சொஃப்ட்வெயாருக்குள் ஒரு தடவை போய்விட்டது. மைத்துனன் சொன்னான், இப்போது அழித்தால் ஒரு மாதத்துக்கு அது உள்ளே இருக்கும், வேண்டுமானால் உடனேயே முழுதாக எடுத்துவிடலாம் என்று.

“இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “தானா போகட்டும்.”

நானே அழித்தேன். அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அந்த ஒரு மாதம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அது உள்ளே இருக்கிறது, ஓர் அழுத்தில் வந்துவிடும் என்று தெரியும். காரியாலயத்தில் ஏதாவது கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது, அவள் என்னைப் போல் பேசிக் காட்டும் அந்தத் துண்டில் நான் எப்படி இருமுவேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மேலதிகாரியின் அறைக்குள் போய் நிற்கும்போது கைகள் தாமாகவே பின்னால் போகும். நான் அப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் பார்த்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் பட்டியலைத் திறந்து, அழிந்தவை என்ற இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மனைவி வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மூடிவிட்டு எழும்பினேன்.

பிறகு ஒரு நாள் பார்த்தபோது அந்தப் பெயர் அங்கே இல்லை. எந்த நேரத்தில் போனது என்று தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, “சரி,” என்றாள். அன்று அவள் முன்னறையைக் கூட்டினாள்.

இப்போதெல்லாம் அவளும் சில நாட்களில் என்னோடு கம்பியூட்டருக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். கல்யாணங்கள் அவளுக்குப் பிடிக்காது. குரல் மட்டும் கேட்டால் தாங்க முடியவில்லை என்கிறாள். அவளுக்குப் படங்கள்தான் வேண்டும். போன ஞாயிறு ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னாள். பேராதனைப் பூங்காவில், பெரிய மரத்தின் வேர்மேல் மகள் உட்கார்ந்திருக்கிறாள். நோய் வருவதற்கு முந்திய வருடம். மஞ்சள் சட்டை போட்டிருக்கிறாள்.

“இந்தச் சட்ட எங்க வாங்கினோம்?” என்று மனைவி கேட்டாள்.

நான் யோசித்தேன். “உன் தம்பி வாங்கிக் குடுத்தது தானே?”

“இல்ல. அது நீலம். இது வேற.”

“கிறிஸ்மசுக்கு எடுத்ததா?”

“கிறிஸ்மசுக்கு அவ பாவாட சட்ட தான் எடுத்தா.”

இரண்டு பேரும் அந்த மஞ்சள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரிடம் கேட்டால் தெரியும் என்று அவள் மகளின் பெயரையே சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.